நல்லம்பள்ளியில் ஒழுகிய ஹீட்டர்

குளிர் ஊரில் பிழைக்கிறவன் காரில் ஹீட்டர் வைத்திருப்பது குற்றமில்லை. தருமபுரி ஜில்லாவுக்கு அந்தக் காரைக் கொண்டு போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்குக் குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. எஸ்டேட் பங்களாக்களுக்குக் காய் கொடுத்து வந்ததில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானியம்மா தன்னுடைய பழைய பச்சைக் காரை எனக்கே விட்டுவிட்டுப் போனார். இஞ்சினில் சுடுகிற தண்ணீரில் கொஞ்சம் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் போய்த் திரும்பும். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறி. மார்கழி மாதத்தில் காலுக்கு இதமாகக் காற்று வரும். இதுதான் ஹீட்டர். வயதான வண்டி, எப்போதாவது சொட்டுப் போடும். கிளிப்பைத் திருகினால் நின்றுவிடும். அதற்கும் எனக்கும் அவ்வளவுதான் தகராறு.

என் மகள் வசந்தாவை நல்லம்பள்ளியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ராணுவத்தில் எங்கோ எல்லையில் இருக்கிறார். சம்பந்தி காலமாகிவிட்டார். வீட்டில் சம்பந்தியம்மாவும் வசந்தாவும்தான். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வருவதாகப் பேச்சு. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக அனுப்ப மாட்டேன், கார் கொண்டு வந்தால் அனுப்புகிறேன் என்று சம்பந்தியம்மா சொல்லியிருந்தார். நான் காரோடு கிளம்பிய வாரம் சனிக்கிழமை எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் யாரும் அனுப்ப மாட்டார்கள். ஒன்பதில் மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுவார். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் அவள் கிளம்பாவிட்டால் பிரசவம் நல்லம்பள்ளியில்தான். என் மனைவிக்கோ கால் வீக்கம். மலையைவிட்டு இறங்கி மகள் பக்கத்தில் போய் உட்கார முடியாது.

ஞாயிறு அதிகாலை பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி நொண்டிக்கொண்டே வந்தாள். கையில் ஒன்றேகால் ரூபாய் முடிந்த மஞ்சள் துணி.

"தாயும் பிள்ளையுமா சன்னதிக்குக் கூட்டியாரேன்னு மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன். வண்டிக்கு உசுரு எங்க இருக்கோ அங்க கட்டணும்."

நான் ரேடியேட்டரைக் காட்டினேன். அவளே குனிந்து, நன்றாக இறுக்கிக் கட்டினாள். அம்மனை நினைத்துக் கும்பிட்டுப் புறப்பட்டேன்.

தொப்பூர் கணவாயில் ஏறும்போது காலடியில் வெந்நீர் ஊற்றியது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஆவி. கண்ணாடியெல்லாம் புகைந்து, முன்னால் போன லாரி மறைந்துவிட்டது. ஓரங்கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே குதித்தேன். அதற்குள் மரத்திலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் இறங்கி, மறுபக்கக் கதவு வழியாகச் சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் வண்டியைப் பார்ப்பதா, பழத்தைப் பார்ப்பதா?

பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"மஞ்சப்பொடி இருக்குதுங்களா?"

"சீர்த்தட்டில் இருக்கிறது. எதற்கு?"

"ரேடியேட்டர்ல கொட்டுங்க. காயத்துல வச்சா ஆறுதில்லீங்களா? வண்டிக்கும் அப்படித்தான். பொத்தல்ல போயி அடைச்சுக்கும்."

மகளின் வளைகாப்புக்கு நலுங்கு வைக்கக் கொண்டு போன மஞ்சள். மனசு கேட்கவில்லை. ஆனால் கணவாயில் நின்றுகொண்டு சாஸ்திரம் பார்க்க முடியுமா? ஆறட்டும் என்று காத்திருந்து, பாதியை அவரே கொட்டினார். கிளிப்பையும் இறுக்கிவிட்டுப் போனார். ஒழுக்கு நின்றது. வண்டி முழுக்க ரசம் கொதிக்கிற வாடை.

நல்லம்பள்ளியில் நான் போய் இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. கணவாயில் மஞ்சள் தண்ணீர் தெறித்ததில் கால்சட்டை முழங்கால்வரை மஞ்சள். காருக்குள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏங்கண்ணா" என்றார் சம்பந்தியம்மா, முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "எங்கூருல வெயிலுக்கு மரத்தடி தேடறோம். நீங்க அடுப்பக் கூடவே ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க."

அன்று முதல் என் கார் அந்தத் தெருவில் 'அடுப்பு வண்டி' ஆகிவிட்டது.

திங்கட்கிழமை வளைகாப்பு. வசந்தா கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பார்க்கக் கண் நிறைந்தது. மத்தியானம் பந்தியில் சாதத்தோடு ஒரு உருண்டை ராகிக் களியும் வைத்தார்கள். எங்கள் ஊரில் ராகியைக் கூழாகத்தான் குடிப்போம். நான் களியை மென்றுகொண்டே இருந்தேன். வாயிலிருந்து போகவே இல்லை.

"மெல்லாதீங்கண்ணா, கொழம்புச் சாத்துல தொட்டு முழுங்குங்க" என்றார் சம்பந்தியம்மா.

முழுங்கினேன். நெஞ்சில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதன்பிறகு இருட்டும்வரை பசியே இல்லை.

சாப்பிட்ட கையோடு தருமபுரிக்குக் காரை ஓட்டிப் போனேன். ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கிற பட்டறை ஒன்றைக் காட்டினார்கள். காதர் பாய் என்பவருடையது. வெள்ளைத் தொப்பி, சிரித்த முகம். ஹீட்டரைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

"இத்த புடுங்கிப்போட்டு ரெண்டு குழாயையும் ஒண்ணா சேத்துடலாங்க. தொந்தரவே இருக்காது."

"வேண்டாம் பாய். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மேலே ஏறும்போது பனி இறங்கிவிடும். ஹீட்டர் வேண்டும்."

"உங்க இஷ்டம்."

அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்றேன். ரேடியேட்டரில் இருந்த மஞ்சள் தண்ணீரை வடித்துவிட்டு அலசினார். மூக்கைச் சுளித்து, "பிரியாணி போட்டிருக்கலாம்" என்றார். ஹீட்டர் குழாயில் ஒன்றை மாற்றினார். மஞ்சள் துணி இருந்த பக்கம் கை போகும்போதெல்லாம் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, அதன்மேல் படாமல் வேலை பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பயணம் வைக்கவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்குத் தனியாகக் காரை ஓட்டிப் போனேன். பக்கத்து ஊர்தான். போகும்போது ஒழுகவில்லை. சாம்பல் பூசணியில் விளக்கு ஏற்றிக் கும்பிட்டேன். திரும்பி வரும்போது ஒழுகியது. இந்தத் தடவை குழாய் இல்லை, ஹீட்டருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற பித்தளைத் திருகு. மறுபடி காதர் பாய். அதையும் கழற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். சாமி கும்பிட்டுவிட்டு வரும் வழியில் இப்படி ஆயிற்றே என்று அவரிடமே புலம்பினேன்.

"சாமி போகும்போது ஒழுகாமப் பாத்துக்கிட்டாரு. வர்றப்ப வேற யாரோட வண்டிக்காச்சும் போயிருப்பாரு" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வசந்தா படி இறங்கினாள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரு எல்லாம் வழியனுப்பியது. பெரிய சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், பட் என்று ஒரு சத்தம். என் வலது பாதத்தில் கொதிக்கிற தண்ணீர். நான் கத்திய கத்தலில் வசந்தாவுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயந்து, வலியோடு அவளைப் பார்த்துச் சிரித்தேன். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்து அழுதாள்.

ஒரு மாட்டுவண்டிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினார். காரை நாலு பேர் தள்ளி வந்தார்கள். வாசலுக்கு வந்தபின்தான் பெரிய சங்கடம். நல்ல நேரத்தில் படி இறங்கின பெண் திரும்ப அதே படி ஏறக்கூடாது. சம்பந்தியம்மா வாசலிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில்.

"எதிர்வூட்டுக்குப் போ கண்ணு. இன்னிக்குப் பயணம் நின்னதா ஆவக்கூடாது. அங்க தங்கி அப்படியே போயிரலாம்."

எதிர் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்காமல் பாயை விரித்துப் போட்டார். தன் புருஷனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்னவென்று வசந்தாவைக் கேட்டேன். அவளுக்கு அதற்குள் அரைகுறையாகப் பழகியிருந்தது. "அந்த மனுஷன் காலுக்கு ஏதாவது போடுங்க, வண்டியப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க, அழுதிருவாருன்னு சொல்றாங்கப்பா" என்றாள்.

என் பாதத்துக்குச் சோற்றுக்கற்றாழை வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா தெருவைத் தாண்டி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. மூணு தடவ ஆச்சு. சாமியே வேணாங்குது. இங்கயே பெத்துக்கட்டும். பையனும் ஊர்ல இல்ல. அந்த வூட்டுல நான் ஒருத்தியா உக்காந்து என்ன பண்ணுவேன்? ஆத்தாவுக்கு ஆத்தாவா நான் பாத்துக்க மாட்டனா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் போனபின் வசந்தா மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை நல்லவங்கதாம்ப்பா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. அம்மா வேணும். எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க."

சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. தருமபுரியில் வாடகைக் கார்க்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். குன்னூர் மலை என்றதும் தலையை ஆட்டிவிட்டார்கள். அன்று அம்மனிடம் நான் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். உனக்கு முடிச்சுப் போட்டுத்தானே என் மனைவி அனுப்பினாள், அப்புறம் ஏன் இந்தப் பாடு படுத்துகிறாய் என்று கேட்டேன்.

வியாழக்கிழமை காதர் பாயைப் பஸ்ஸில் அழைத்து வந்தேன். கார் நகரும் நிலையில் இல்லை. ஹீட்டர் பெட்டியே விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றி அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்தார். ஆனாலும் திரும்ப மாட்டுவதற்கு அவருக்கு மனமில்லை.

"இன்னிக்காச்சும் நான் சொல்றதக் கேளுங்க. ஹீட்டரு இல்லாம ஓட்டிப் பாப்போம்."

எனக்கும் வீம்பு போய்விட்டது. சரி என்றேன். இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் போட்டார். இஞ்சினை ஓடவிட்டோம். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. வண்டி சூடேற ஏற, அந்தச் சேர்த்த குழாய் தவளைத் தொண்டை மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. பாய் "எல்லாம் தள்ளுங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் குழாய் பிய்த்துக்கொண்டது. வெந்நீர் சீறிய சீறலில் எதிர் வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன.

"அடுப்ப எடுத்த பின்னாலயும் பொங்குதே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிரித்தார்கள். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

காதர் பாய் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். "அப்ப ஹீட்டரு மேல குத்தமில்ல. உள்ள எங்கியோ ஆவி நிக்குது. ரேடியேட்டர் மூடியப் பாத்துட்டன், நல்லாத்தான் இருக்கு. எங்க நிக்குது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

வண்டி ஆறியபின் வசந்தா எங்களுக்கு மோர் கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது அம்மா போட்ட முடிச்சுல்ல?"

"ஆமாம்மா, உனக்காக வேண்டிக்கொண்டு கட்டினாள்."

"அதுக்கு இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க? குழாய் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு பாருங்க."

காதர் பாய் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ரேடியேட்டர் கழுத்திலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் கீழே தொங்கும். வேலை எதுவும் செய்யாத மாதிரி இருக்கும். அதில்தான் என் மனைவி கட்டியிருந்தாள். துணிக்குள் குழாய் நூலாக நெரிந்திருந்தது.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தண்ணி கொதிச்சா மிச்ச ஆவி இந்த வழியாத்தாங்க வெளிய போவணும். இத நெரிச்சுட்டா எங்க போவும்? எளச்ச எடமாப் பாத்து முட்டும். உங்க வண்டியில எளச்சது ஹீட்டரு. அத எடுத்தா அடுத்தது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொத நாளே துணியப் பாத்தங்க. நேத்திக்கடன் சமாச்சாரம், நாம கை வைக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கமே போவல. அடியில என்ன இருக்குதுன்னும் பாக்கல."

அவிழ்த்தால் வண்டி ஓடும். ஆனால் வேண்டுதல் நிறைவேறும் முன் முடிச்சை அவிழ்க்கலாமா? அதுவும் பிள்ளைப்பேற்றுக்கு முடிந்த முடிச்சு. அவிழ்த்துவிட்டு நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் வசந்தா முகத்தைப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவிழ்க்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். எதிர் வீட்டம்மாள் கோழியைப் பற்றி மட்டும் பேசினார்.

அப்போதுதான் சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முடிச்சைக் குனிந்து பார்த்தார். அவர் ஒரு வார்த்தை, 'அவிழ்க்காதீங்க' என்று சொல்லியிருந்தால் போதும். நான் மறுத்திருக்க மாட்டேன். பேரப்பிள்ளை அவர் வீட்டில்தான் பிறந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. நிமிர்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"முடிச்ச ஏன் அவுக்கோணும்?" என்றார் பாயிடம். "அது அப்படியே இருக்கட்டும். குழாயத்தான் உருவுங்களே."

பாய் அவரையே பார்த்தார். "அது முடியுங்க" என்றார்.

சம்பந்தியம்மா வீட்டுக்குள் போய்க் கற்பூரமும் விளக்கெண்ணெயும் கொண்டு வந்தார். கற்பூரம் ஏற்றி நாங்கள் கும்பிட்டோம். பாய் குழாயை ரேடியேட்டர் கழுத்திலிருந்து கழற்றி, எண்ணெய் தடவி, முடிச்சு கலையாமல் மெல்ல மெல்ல உருவினார். மோதிரம் மாதிரி துணி தனியாக வந்தது. ஒன்றேகால் ரூபாய் உள்ளே பத்திரமாக இருந்தது. அதைத் தரையில் வைக்காமல் நேராக வசந்தாவிடம் நீட்டினார். அவள் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கில் கோத்துக்கொண்டாள்.

நெரிந்த துண்டை வெட்டிவிட்டு மிச்சக் குழாயைப் பாய் மாட்டினார். இஞ்சினை ஓடவிட்டோம். சூடு ஏறியது. குட்டிக் குழாயிலிருந்து புஸ் என்று கொஞ்சம் ஆவி போயிற்று. வேறு எங்கும் ஒரு சொட்டு இல்லை.

"அடுப்பு மாட்டட்டுங்களா?" என்றார் பாய்.

"மாட்டுங்கள்" என்றேன்.

இன்னொரு தடை பாக்கி இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை யாரும் வெளியே அனுப்புவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தியம்மாவே சொன்னார்.

"அவ புதன்கிழமையே எங்க படி எறங்கிட்டாளே. எதிர்வூட்டுல இருந்துதானே போறா? எங்க வூட்டு லட்சுமி வெள்ளிக்கிழமை போனதா கணக்கில்ல."

வெள்ளி காலை மேற்கே சூலம் என்று எங்கள் இருவர் வாயிலும் வெல்லம் போட்டார். எனக்கு ஒரு தூக்கில் களியும் கட்டிக் கொடுத்தார். "வழியில வண்டி நின்னா பசிக்குமில்லண்ணா" என்றார். கண் கலங்கியிருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பிள்ளை பிறந்த சேதி முதலில் உங்களுக்குத்தான் என்று சொன்னேன்.

வண்டி நிற்கவில்லை. தொப்பூரில் குரங்குகள் எங்களைப் பார்த்து எழுந்து வந்தன, நான் நிறுத்தவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது பனி இறங்கியது. ஹீட்டரைத் திறந்தேன். கதகதப்பாகக் காற்று வந்தது, அதில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் வாடை. பின்சீட்டில் வசந்தா காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட அந்த முடிச்சாலதான் வண்டி ஒழுகுச்சுன்னு சொல்ல வேணாம். மனசு ஒடிஞ்சிருவாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

வீட்டு வாசலில் மனைவி ஆரத்தியோடு நின்றிருந்தாள். மகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். ஊக்கில் தொங்கிய மஞ்சள் துணியைப் பார்த்தாள். கட்டுப் போட்ட என் பாதத்தைப் பார்த்தாள்.

"இத்தனை இடைஞ்சல்லயும் பத்திரமா வந்து சேந்துட்டீங்களே" என்றாள். "நான் அதை அங்க கட்டினதாலதான்."

நான் வாயைத் திறந்தேன். வசந்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நல்லம்பள்ளி வளையல்கள் குலுங்கின. வாயை மூடிக்கொண்டேன்.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். முதல் தந்தி நல்லம்பள்ளிக்குத்தான் போயிற்று. அந்த முடிச்சு அம்மன் உண்டியலுக்குப் போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் நாங்கள் எங்கே கிளம்பினாலும் மனைவி ஒரு மஞ்சள் துணியோடு பானெட் பக்கம் வந்துவிடுகிறாள். அந்தக் குட்டிக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நானே ஒரு கொக்கி அடித்து வைத்திருக்கிறேன். அங்கே கட்டினால் அம்மனுக்கு நேர் பார்வையில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.